அனுஷம் பிரகாசமான கதை: வெப்ப விண்மீன்கள் கூடல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தை அமாவாசையை ஒட்டி வரும் சனிக்கிழமை ஒரு கூடல் வைக்கிறோம். பகலில் கிருஷ்ணகிரியில் உட்கார்ந்து பேச்சு. இரவில் ஊத்தங்கரையிலிருந்து அரூர் போகும் வழியில், சாலையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பாறைக் களத்தில் பாய் விரித்து வானம் பார்ப்பது. பேசுபொருள் ஒன்றே ஒன்றுதான்: மிகச் சூடான விண்மீன்களும், அவற்றைச் சுற்றி இருக்கும் வாயுவும் தூசும். போன முறை வந்தவர்களும், வரலாமா என்று யோசிப்பவர்களும், பிள்ளையை அனுப்பும் முன் விசாரிக்கும் அம்மாக்களும் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். பதில்களும் அந்த வழக்கத்திலேயே இருக்கும்.

எல்லா நட்சத்திரமும் சூடுதானே? அதில் என்ன தனியாக "வெப்ப விண்மீன்"?

கொல்லர் பட்டறையில் கொழுவைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் மங்கிய சிவப்பு, அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், கடைசியில் கண் கூசும் வெள்ளை. இரும்பு அதற்குமேல் தாங்காது, உருகிவிடும். விண்மீன் வாயுதான், அதனால் அது இன்னும் மேலே போகலாம். அப்படிப் போனால் நிறம் நீலத்தின் பக்கம் சாயும். திருவாதிரை சிவப்பு, ஏறக்குறைய 3,500 டிகிரி. நம் சூரியன் சுமார் 5,800. ஓரியன் விண்மீன் குழுவின் காலடியில் இருக்கும் ரைகல் சுமார் 12,000. அதே ஓரியனின் தலையில் இருக்கும் மிருகசீரிடம் ஏறக்குறைய 35,000. இவை எல்லாம் கெல்வின் கணக்கு.

வானியலில் வெப்பம் குறையும் வரிசையில் ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று ஏழு வகை சொல்வார்கள். சூரியன் ஜி. முதல் இரண்டு வகையான ஓவும் பியும்தான் எங்கள் கூடலின் நாயகர்கள். 10,000 டிகிரிக்கு மேல் பி, 30,000-க்கு மேல் ஓ.

ஒன்று சொல்ல வேண்டும். நிறத்தை விளக்க கேஸ் அடுப்பின் நீலச் சுடரைக் காட்டுவது பலருக்கும் பழக்கம். நான் காட்டுவதில்லை. அந்த நீலம் எரியும் வாயுவின் மூலக்கூறுகள் உமிழும் ஒளி, சூட்டினால் மட்டும் வரும் நிறம் அல்ல. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் மாற்றுவது கடினம்.

சுற்றியுள்ள பொருள் என்றால் கோள்களா?

இல்லை. பெரும்பாலும் ஹைட்ரஜன் வாயு, சில இடங்களில் தூசு. அது அங்கே வந்த வழி ஒவ்வொரு விண்மீனுக்கும் வேறு. சிலவற்றில் பிறந்தபோது மிச்சமான கரு மேகம். 1960-இல் ஜார்ஜ் ஹெர்பிக் என்ற வானியலாளர் தனியாகப் பிரித்துக் காட்டிய இளம் விண்மீன்கள் அந்த ரகம். சிலவற்றில் விண்மீனே ஊதித் தள்ளும் காற்று. சிலவற்றில் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல ஒரு தட்டு. இன்னும் சிலவற்றில் ஒரு பெரிய சீற்றத்தில் உமிழ்ந்த மேகம். எனக்கு மிகவும் பிடித்தது தட்டு. காரணம், அது ஒரு மனிதனின் ஆயுளுக்குள் வந்து, வளர்ந்து, கரைந்து போகிறது. வானத்தில் எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுக் கணக்கு என்று நினைத்திருப்போம். இது பஞ்சாங்கக் கணக்கிலேயே மாறுகிறது.

அவ்வளவு தூரத்தில் இருக்கும் வாயுத் தட்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஒளியைப் பிரித்து. 1866-இல் ரோமாபுரியில் ஆஞ்சலோ செக்கி என்ற பாதிரியார் விண்மீன்களின் நிறமாலையை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். நிறமாலை என்பது வெள்ளை ஒளியை வானவில் போல விரித்துப் பார்ப்பது. சாதாரணமாக அந்த வானவில்லில் ஹைட்ரஜன் இருக்க வேண்டிய இடங்களில் கறுப்புக் கோடு இருக்கும். காசியோப்பியா விண்மீன் குழுவின் நடு விண்மீனில், அதாவது காமா காசியோப்பியாவில், அந்த இடத்தில் கறுப்புக்குப் பதில் பளிச்சென்று ஒளிக்கோடு தெரிந்தது. கறுப்புக் கோடு என்றால் வாயு ஒளியை விழுங்குகிறது. ஒளிக்கோடு என்றால் விண்மீனுக்கு வெளியே பரந்து கிடக்கும் வாயு தானே ஒளி உமிழ்கிறது. இப்படி ஒளிக்கோடு காட்டும் பி வகைக்கு "பிஇ" என்று பெயர். பின்னால் ஒட்டிய இ, எமிஷன் என்ற சொல்லின் முதல் எழுத்து, உமிழ்வு என்று பொருள். காமா காசியோப்பியாதான் இந்த வகையில் முதலில் கண்டது.

கூடலில் பகலில் முதல் வேலையே இதுதான். ஒரு செருப்புப் பெட்டி, பழைய சிடி ஒன்று, பிளேடு இரண்டு. பெட்டியின் ஒரு பக்கத்தில் இரண்டு பிளேடையும் முடி நுழையும் அளவு இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் உள்ளே சிடித் துண்டைச் சாய்த்து வைத்து, அதைப் பார்க்க மேலே ஒரு சின்ன ஓட்டை. பிளேடு ஒட்டுவது பெரியவர்களின் வேலை, பிள்ளைகளிடம் கொடுக்க மாட்டோம். செய்து முடித்ததும் பெட்டியை முதலில் குண்டு பல்பு பக்கம் திருப்பச் சொல்வேன். தொடர்ச்சியான வானவில் தெரியும். அப்புறம் மண்டபத்து ட்யூப் லைட் பக்கம். வானவில்லின் மேல் பச்சையில் ஒரு கூர்மையான கோடு, நீலத்தில் ஒரு கோடு, தனித்துத் தெரியும். குழாய்க்குள் இருக்கும் பாதரசத்தின் கையெழுத்து அது. போன முறை எட்டாவது படிக்கும் ஒரு பெண் பெட்டியைக் கண்ணிலிருந்து எடுக்காமலே, "சார், லைட்டுக்குள்ள பாதரசம் இருக்குன்னு உடைக்காமலே தெரியுது" என்றாள். செக்கி செய்ததும் அதுதான். உடைக்காமலே தெரிந்துகொண்டார்.

ஹைட்ரஜனின் சிவப்புக் கோடு 656.3 நானோமீட்டரில் விழும். தட்டு சுற்றிக்கொண்டிருப்பதால் ஒரு பாதி நம்மை நோக்கி வருகிறது, மறு பாதி விலகிப் போகிறது. சேலம் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே கடக்கும் லாரியின் சத்தம் வரும்போது ஒரு மாதிரியும் போகும்போது வேறு மாதிரியும் கேட்கிறதல்லவா, அதே போல அந்தச் சிவப்புக் கோடும் இரண்டாகப் பிளந்து தெரியும். இரண்டு முனையும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை வைத்துத் தட்டின் வேகத்தையே கணக்குப் போடலாம்.

தட்டு எப்படி உருவாகிறது?

பாவாடை கட்டிய பெண் குழந்தை தட்டாமாலை சுற்றினால் பாவாடை விரிந்து தட்டாக நிற்கும். அடிப்படை அதுதான், வேகமான சுழற்சி. சூரியனின் நடுக்கோடு விநாடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது, ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 25 நாள். மகம் நட்சத்திரம் என்று நாம் சொல்லும் ரெகுலஸ் சூரியனைவிடப் பல மடங்கு பெரியது, ஆனால் ஒரு சுற்றை 16 மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. தெற்கே தாழ்வாகத் தெரியும் ஆக்கெர்னார் இன்னும் மோசம். 2003-இல் சிலி நாட்டுத் தொலைநோக்கிகளைச் சேர்த்து அளந்தபோது அதன் நடுப்பகுதி, துருவத்திலிருந்து துருவம் வரையிலான அளவைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் அகலமாக இருந்தது. உருண்டை இல்லை, அமுக்கிய தேங்காய்.

இப்படிச் சுற்றும்போது இடுப்புப் பகுதியில் ஈர்ப்பின் பிடி தளர்ந்து போகும். ஒட்டோ ஸ்ட்ரூவே என்ற வானியலாளர் 1931-இலேயே சுழற்சிதான் காரணம் என்று சொன்னார். ஆனால் சுழற்சி மட்டும் போதாது. பெரும்பாலானவை பிய்த்துக்கொண்டு போகும் வேகத்தைத் தொடுவதில்லை, சற்றுக் கீழேயே நிற்கின்றன. கடைசித் தள்ளலை விண்மீனின் மேற்பரப்பு துடிப்பது கொடுக்கிறதா, வேறு ஏதாவதா என்பதில் வானியலாளர்கள் இன்னும் விவாதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். பகல் பேச்சில் அதிக நேரம் இதற்கே போகும், போகட்டும்.

அனுஷத்துக்கு என்ன ஆயிற்று?

இந்தக் கூடலை வைக்க எனக்குத் தோன்றியதே இதனால்தான். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

விருச்சிகத்தின் தலைப்பகுதியில் மூன்று விண்மீன்கள் ஒரு வரிசையாக நிற்கும். அதுதான் அனுஷம். பழைய உரைகளில் முடப்பனை என்று ஒரு பெயர் உண்டு, வளைந்த பனை மரம். நம் ஊர்க் காட்டில் காற்றில் சாய்ந்து வளைந்த பனையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் உடனே பிடிபடும். மூன்றில் நடுவில் இருப்பது டெல்டா ஸ்கார்ப்பியை. சுமார் 450 ஒளியாண்டுத் தொலைவு, 25,000 டிகிரிக்கு மேல் சூடு. இதன் ஒளி அளவு எப்போதும் 2.3 என்றே அட்டவணைகளில் எழுதி வந்தார்கள். மாறாது என்று நம்பியதால் மற்ற விண்மீன்களை இதோடு ஒப்பிட்டு அளந்தவர்களும் உண்டு.

2000-ஆம் ஆண்டு ஜூலையில் அர்ஜென்டினாவில் செபாஸ்டியன் ஒட்டேரோ என்ற அமெச்சூர் வானோக்கர் வெறும் கண்ணால் பார்த்து, இது வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக ஒளிர்கிறது என்று கவனித்தார். சற்று என்றால் மிகக் கொஞ்சம், பழகாத கண்ணுக்குத் தெரியவே தெரியாத அளவு. அவர் சொன்னதைக் கேட்டு நிறமாலை எடுத்துப் பார்த்தபோது ஹைட்ரஜனின் ஒளிக்கோடு இருந்தது. தட்டு உருவாகிக்கொண்டிருந்தது. அடுத்த மாதங்களில் அது ஏறி ஏறி 1.6 வரை வந்தது. இந்தக் கணக்கில் எண் குறையக் குறைய ஒளி கூடும். விருச்சிகத்தின் கொடுக்கில், மூலம் நட்சத்திரத்தில் இருக்கும் பிரகாசமான ஷௌலாவும் 1.6 தான். அனுஷத்தின் நடு விண்மீன் கொடுக்குக்குச் சமமாக எரிந்தது, விருச்சிகத்தின் முகமே மாறிவிட்டது.

இதற்கு ஒரு துணை விண்மீனும் உண்டு. நீண்ட முட்டை வடிவப் பாதையில் 10.8 ஆண்டுக்கு ஒருமுறை பெரிய விண்மீனை மிக அருகில் உரசிப் போகும். 2000, 2011, 2022 ஆகிய ஆண்டுகளில் அப்படி வந்தது. முதல் சீற்றம் அந்த நெருக்கத்தோடு சேர்ந்து வந்ததால் துணையின் இழுப்புதான் தட்டைத் தூண்டியது என்று பலர் எழுதினார்கள். ஆனால் 2011-இல் துணை வரும் முன்பே தட்டு வளர்ந்து நின்றது. அதனால் துணையின் பங்கு எவ்வளவு என்பது அவ்வளவு எளிதாகத் தீரவில்லை. அடுத்த நெருக்கம் 2033 வாக்கில்.

2000-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நானும் மொட்டை மாடியில் விருச்சிகம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த மூன்று விண்மீனையும் பார்த்தேன். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு எழுதி வைக்கும் பழக்கம் இல்லாததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. கண் எல்லாருக்கும் ஒன்றுதான். அவர் ஒப்பிட்டு எழுதினார்.

என் நட்சத்திரம் அனுஷம். இது வெளிச்சமானதால் எனக்கு நல்லதா கெட்டதா?

உங்கள் நட்சத்திரம் அனுஷம் என்றால், நீங்கள் பிறந்தபோது நிலா அந்த விண்மீன்கள் இருக்கும் பகுதியில் நின்றது என்று பொருள். அதற்குமேல் பலன் சொல்வது எங்கள் கூடலின் வேலை அல்ல. ஆனால் உங்கள் பெயரோடு சேர்த்து அர்ச்சனைக்குச் சொல்லும் அந்த விண்மீனை நேரில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுங்கள். விடியற்காலையில் நானே காட்டித் தருகிறேன்.

கார்த்திகை, மிருகசீரிடம், மகம், சித்திரை, அனுஷம், மூலம் ஆகியவற்றில் பிறந்தவர்களுக்கு வெப்ப விண்மீன் கிடைத்திருக்கிறது. ரோகிணி, திருவாதிரை, சுவாதி, கேட்டைக்காரர்களுக்குச் செம்மையும் ஆரஞ்சுமான, சூடு குறைந்த விண்மீன்கள். அவற்றுக்கும் பெருமை உண்டு, அது வேறு கூடல்.

கார்த்திகையைச் சுற்றிப் படத்தில் நீலப் புகை தெரிகிறதே, அதுவும் இந்தப் பொருள்தானா?

நல்ல கேள்வி, போன முறை மூன்று பேர் கேட்டார்கள். அந்த நீலம் கார்த்திகைக்குச் சொந்தமானது அல்ல. அறுமீன் கூட்டம் தன் வழியில் போகும்போது ஒரு தூசு மேகத்தின் ஊடாகக் கடந்துகொண்டிருக்கிறது. சூடான விண்மீன்களின் நீல ஒளி அந்தத் தூசில் பட்டுச் சிதறுகிறது. மார்கழி விடியலில் லாரி முகப்பு விளக்கைச் சுற்றிப் பனி ஒளிர்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது, நீண்ட நேரம் எடுத்த படத்தில்தான் வரும்.

கார்த்திகைக்கே சொந்தமான பொருள் வேறு இருக்கிறது. அந்தக் கூட்டத்தின் பிரகாசமான விண்மீன்களில் அல்சியோன், எலெக்ட்ரா, மெரோப்பி மூன்றும் பிஇ வகை. மங்கலான பிளையோனியும் அப்படியே. பிளையோனிதான் விசேஷம். ஏறக்குறைய 35 ஆண்டுக்கு ஒருமுறை அதன் நிறமாலை ஆள் மாறியது போல மாறுகிறது. ஒரு காலத்தில் தட்டை மேலிருந்து பார்ப்பது போலவும், இன்னொரு காலத்தில் விளிம்பிலிருந்து பார்ப்பது போலவும் கோடுகள் வரும். துணை விண்மீனின் இழுப்பில் தட்டே பம்பரத்தின் தலை ஆடுவது போல ஆடுகிறது என்று கருதுகிறார்கள். பைனாகுலர் இருந்தால் பிளையோனியைத் தனியாகக் காணலாம், அட்லஸ் என்ற விண்மீனுக்கு ஒட்டினாற்போல் இருக்கும்.

விண்மீன் காற்று என்கிறீர்களே, அங்கே எப்படிக் காற்று வரும்?

ஒளிதான் தள்ளுகிறது. ஒளிக்கு எடை இல்லாவிட்டாலும் அழுத்தம் உண்டு. வெப்ப விண்மீனின் மேற்பரப்பில் இருக்கும் இரும்பு, கார்பன், நைட்ரஜன் போன்ற அணுக்கள் தங்களுக்குரிய நிற ஒளியை விழுங்கும்போது வெளியே தள்ளப்படுகின்றன. ஒளி அணுக்களைத் தேர்ந்தெடுத்துத் தள்ளும் என்ற எண்ணத்தை 1920-ஐ ஒட்டியே நம் மேகநாத் சாஹா முன்வைத்தார். 1975-இல் காஸ்டர், ஆபட், கிளைன் என்ற மூவர் அதை வெப்ப விண்மீன்களுக்கு முழுக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். தள்ளப்பட்ட அணு வேகம் எடுக்கும்போது அதன் கோடு நிறமாலையில் சற்று நகர்ந்துவிடும். அங்கே இதுவரை யாரும் விழுங்காத புது ஒளி காத்திருக்கும். அதனால் மறுபடி தள்ளு. இப்படிப் படிப்படியாக ஏறிக்கொண்டே போகும்.

நாம் இரவில் பார்க்கப்போகும் நாவோஸ் என்ற விண்மீன் ஓ வகை, சுமார் 40,000 டிகிரி. அதன் காற்று விநாடிக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் போக ஒன்றரை நொடி போதும் என்றால் வேகம் புரியும். சூரியனும் காற்று விடுகிறது, விநாடிக்குச் சுமார் 400 கிலோமீட்டர். ஆனால் அளவில் ஒப்பே கிடையாது. நாவோஸ் மூன்று ஆண்டில் ஒரு பூமிக்குக் குறையாத எடையை ஊதிவிடுகிறது.

நாவோஸுக்குக் கொஞ்சம் கீழே காமா வெலோரம். அதில் ஒரு விண்மீன் வுல்ஃப்–ராயே வகை. 1867-இல் பாரிஸ் வான்கோளகத்தில் சார்லஸ் வுல்ஃப், ஜார்ஜ் ராயே இருவரும் அன்னம் விண்மீன் குழுவில் இப்படி மூன்றைக் கண்டுபிடித்ததால் அந்தப் பெயர். தன் மேல்தோலையே காற்றாக ஊதித் தீர்த்துவிட்டு உள்ளே வெந்த பகுதியைக் காட்டிக்கொண்டு நிற்கும் விண்மீன்கள் இவை. நமக்கு மிக அருகில் இருக்கும் வுல்ஃப்–ராயே காமா வெலோரம்தான், சுமார் 1,100 ஒளியாண்டு. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் இது தொடுவானத்துக்கு மேலே வரவே வராது. நம் களத்தில் 30 டிகிரி உயரம் வரை ஏறும்.

இந்த வகையில் தூசு பிறக்கும் அதிசயமும் உண்டு. டபிள்யூஆர் 140 என்ற இரட்டையில் இரண்டு விண்மீனும் ஏறக்குறைய 8 ஆண்டுக்கு ஒருமுறை நெருங்கும்போது இரண்டின் காற்றும் மோதி, நெருக்குண்டு, கார்பன் தூசாகிறது. ஒவ்வொரு நெருக்கத்துக்கும் ஒரு வளையம். 2022-இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி எடுத்த படத்தில் 17 வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, கிணற்றில் கல் போட்டதும் எழும் அலை போல நிற்கின்றன. அந்தப் படத்தை மண்டபத்துச் சுவரில் பெரிதாகப் போட்டுக் காட்டுவோம். விளக்கை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நம் பக்கத்தில் யாராவது இதை ஆராய்கிறார்களா?

ஆராயாமல் என்ன? கிழக்கே ஜவ்வாது மலையில், திருப்பத்தூர் மாவட்டத்தில் காவலூர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வான்காட்சிக் கூடம். 1972-இல் நிறுவிய 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986-இல் தொடங்கிவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கியும் அங்கே உள்ளன. யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்ததை வைத்து அதற்கு வளையம் உண்டு என்று 1977-இல் தெரிந்தபோது காவலூர் 1 மீட்டரும் அந்த மறைப்பைப் பதிவு செய்தது.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று. காவலூரை அமைத்த வைணு பாப்புவுக்கே வெப்ப விண்மீன்கள் மீது தனி ஈடுபாடு. 1971-இல் அர்ஜென்டினாவின் பியூனோஸ் அயர்ஸில் வுல்ஃப்–ராயே மற்றும் உயர் வெப்ப விண்மீன்கள் பற்றிப் பன்னாட்டு வானியல் ஒன்றியம் நடத்திய கருத்தரங்கின் கட்டுரைகளை ஹோர்ஹே சஹாதேயோடு சேர்ந்து தொகுத்தவர் அவர். மலையின் அந்தப் பக்கம் இருந்த மனிதர் இந்தப் பொருளுக்காக அவ்வளவு தூரம் உழைத்திருக்கிறார் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

வெப்ப விண்மீன்களின் ஒளியில் பெரும்பகுதி புற ஊதாவில் வரும், அதை நம் காற்று மண்டலம் தடுத்துவிடும். அதற்காகத்தான் மேலே போக வேண்டியிருக்கிறது. 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று உண்டு. அதை உருவாக்கியதில் முன்நின்றது, காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனம்.

பெரிய விஞ்ஞானிகளின் கருத்தரங்கில் என்ன நடக்கும்? அதில் நம் பிள்ளைகள் போக முடியுமா?

பிஇ விண்மீன்களுக்கென்றே கருத்தரங்குகள் நடந்திருக்கின்றன. 1999-இல் ஸ்பெயினின் அலிகாந்தே, 2010-இல் பாரிஸ். ஒவ்வொருவரும் கால் மணி, அரை மணி பேசுவார்கள். பேச இடம் கிடைக்காதவர்கள் சுவரொட்டி ஒட்டி அதன் பக்கத்திலேயே நின்று கேட்பவர்களுக்கு விளக்குவார்கள். நாங்களும் சுவரொட்டி வைக்கிறோம், சார்ட் அட்டையில், தமிழில். முதுகலை இயற்பியல் முடித்து ஆராய்ச்சிக்குச் சேர்ந்தால் அங்கே போகும் வழி திறக்கும். இந்தத் துறையில் அமெச்சூர்கள் எடுத்த நிறமாலைகளையும் ஆய்வாளர்கள் வாங்கிப் பயன்படுத்துகிறார்கள், பிரான்ஸில் அதற்கென்றே ஒரு பொதுத் தொகுப்பு நடக்கிறது.

தொலைநோக்கி இல்லை. வெறுங்கையோடு வரலாமா?

வாருங்கள். கட்டணம் கிடையாது. பாய், போர்வை, குல்லாய், தண்ணீர் பாட்டில் கட்டாயம். தை மாத இரவில் பாறை ஜில்லென்று இருக்கும், கீழே விரிக்கக் கெட்டியான ஜமுக்காளம் இருந்தால் நல்லது. டார்ச் கொண்டுவந்தால் சிவப்புக் கண்ணாடித் தாள் சுற்றி வாருங்கள். செல்போன் வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் பிடிக்கும், பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து. இரவுச் சாப்பாடு ராகிக் களியும் கீரைக் கடைசலும். எத்தனை பேர் என்று முன்கூட்டிச் சொன்னால் போதும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தில் வைத்தால் எங்களுக்கு வசதியாக இருக்குமே?

ஓசூரில் வானம் வெளுத்துவிட்டது, பெங்களூரின் வெளிச்சமும் சேர்ந்துகொள்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காட்டுப் பக்கம் நல்ல இருட்டுதான், ஆனால் யானை நடமாட்டம். பிள்ளைகளை வைத்துக்கொண்டு இரவில் அங்கே உட்காரக் கூடாது. எங்கள் களத்தில் தெற்கே சித்தேரி மலை தாழ்வாகக் கோடு போட்டது போலத் தெரியும், மறைக்காது. தெற்கு வானம் திறந்திருப்பது இந்தக் கூடலுக்கு மிக முக்கியம்.

எந்த நேரத்தில் எதைப் பார்ப்போம்?

இருட்டியதும் முதலில் வானத்தின் இரண்டு விளிம்பும். வடமேற்கில் செக்கி பார்த்த காமா காசியோப்பியா, தெற்கிலிருந்து சற்றே மேற்கில் ஆக்கெர்னார். இரண்டும் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் ஏழு மணிக்கே களத்தில் இருங்கள். கார்த்திகை அப்போது உச்சிக்குப் பக்கத்தில். எட்டரை, ஒன்பதுக்கு ஓரியன். நடுவில் இருக்கும் மூன்று மீன் வரிசை முழுவதும் ஓவும் பியும்தான். மிருகசீரிடத்தைச் சுற்றி ஒரு பெரிய வாயு வளையம் இருக்கிறது, கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் மறையும் அளவுக்கு அகலம். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முஷ்டியைப் பிடித்து அளவை உணரலாம். பதினொன்று, பன்னிரண்டுக்கு நாவோஸும் காமா வெலோரமும். அதன் பின் தூங்குகிறவர்கள் தூங்கலாம். இரண்டு, மூன்று மணிக்குத் தெற்கே, பெரிய சீற்றத்தில் மேகம் உமிழ்ந்த ஈட்டா கரினே என்ற விண்மீன் இருக்கும் பகுதி, தொலைநோக்கியில் மட்டும். நாலரைக்கு எல்லாரையும் எழுப்பிவிடுவோம், தென்கிழக்கில் அனுஷம்.

மேகம் மூடினால் பெட்டி நிறமாலையும் படங்களும்தான். தையில் இந்தப் பக்கம் பெரும்பாலும் மூடாது.

இவை வெடித்தால் நமக்கு ஆபத்தா?

ஓ வகையும், பியில் பெருத்தவையும் சில கோடி ஆண்டுக்குள் எரிந்து தீர்ந்து வெடிக்கக்கூடியவை. ஆனால் ஆபத்து வர வேண்டுமென்றால் சில பத்து ஒளியாண்டுக்குள் வெடிக்க வேண்டும். நமக்கு அருகில் இருப்பதில் ஒன்றான சித்திரையே 250 ஒளியாண்டு. ஈட்டா கரினே 7,500. அது 1843-இல் சீறியபோது சிரியஸுக்கு அடுத்தபடியாக வானத்திலேயே இரண்டாவது பிரகாசமான விண்மீனாக நின்றது. அப்போது உமிழ்ந்த மேகம் இரட்டைப் பலூன் போல இன்னும் விரிந்துகொண்டிருக்கிறது. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை. பயப்படாமல் தூங்குங்கள். நாம் இப்போது மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனில் பெரும்பகுதி, சூரியன் பிறக்கும் முன்பே இப்படி வெடித்த பெரிய விண்மீன்களில் வெந்ததுதான்.

கூடல் முடிந்த பிறகு வீட்டில் என்ன செய்யலாம்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். மாசி, பங்குனியில் விடியற்காலை, வைகாசியிலிருந்து மாலையிலேயே விருச்சிகம் தெரியும். மழை மேகம் இல்லாத நாளில் அனுஷத்தின் நடு விண்மீனைப் பாருங்கள். அதே வரிசையில் மேலே இருப்பது 2.6, கீழே இருப்பது 2.9, பக்கத்தில் சிவந்த கேட்டை ஏறக்குறைய 1, கொடுக்கில் ஷௌலா 1.6. இவற்றில் எதைவிட அதிகம், எதைவிடக் குறைவு என்று ஒரு வரி. தேதி, நேரம், வானம் எப்படி இருந்தது என்று இன்னொரு வரி. விண்மீன் தாழ்வாக இருக்கும்போது எழுதாதீர்கள், தொடுவானத் தூசு ஏமாற்றும்.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவன் இதைச் சொன்னபடி செய்திருக்கிறான். போன முறை நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். பதினேழு வரிகள் இருந்தன. நடுவில் ஒரு வாரம் எழுதாமல் விட்டு, "அம்மாவுக்குக் காய்ச்சல்" என்று அதையும் எழுதியிருந்தான். இந்த முறையும் வருகிறான். நாலரை மணிக்கு மற்றவர்களுக்கு அனுஷத்தைக் காட்டப்போவது அவன்தான்.